அட்டை அக்காவின் மூன்றாவது வரி

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் திட்டுவார். "பேரும் விலாசமும் வெளிய தெரிஞ்சிதுன்னா கண்டவனும் கூப்புட ஆரம்பிச்சிருவான்ணா. அப்பால பதில் சொல்றதுக்குன்னே ஒரு ஆளு வெக்கணும்" என்பது அவர் வாக்கு. சாஃப்ட்வேரைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அவர் சாஃப்ட்வேருக்கும் மனிதர்களுக்கும் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை.

மணலியைத் தாண்டி, சடையங்குப்பம் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டு. கீழே பெட்டிகள், மாடியில் கம்ப்யூட்டர் அறை. அந்த அறையில் நான் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டினேன். 'குப்பை' என்பதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நான் எழுதிய புரோகிராம்களைப் பின்னால் வந்தவர்கள் அந்த வார்த்தையால்தான் குறிப்பிடுகிறார்கள் என்று கேள்வி.

யார்டில் எல்லோருக்கும் அவர் 'அட்டை அக்கா'. நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவன். ஊரே அக்கா என்னும்போது நான் மட்டும் பெயர் சொன்னால் திமிர் என்பார்களே என்று நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணே என்றார். இந்தச் சிக்கலை உட்கார்ந்து தீர்க்கக் கடைசிவரை எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அட்டை என்பது இறால் பெட்டி அட்டை. ஏற்றுமதி இறாலை அடைக்கிற அட்டைப்பெட்டிகளில் கிழிந்தவை யார்டு மூலையில் குவிந்து கிடக்கும். அதை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக்கொண்டு வந்து, மார்க்கர் பேனாவால் மூன்று வரி எழுதுவார். என்ன கொடுக்கணும். என்ன கிடைக்கும். முடியலைன்னா என்ன சொல்லும். அவ்வளவுதான். உலகத்தில் எதைப் பற்றியும் நாலாவது வரி எழுத அவருக்குத் தோன்றியதில்லை.

ஏ.சி.க்குக் கீழே ஓர் அட்டை தொங்கியது: 'ரிமோட்டை அமுக்கு. காத்து வரும். முடியலைன்னா தண்ணி வரும்.' என் நாற்காலியின் முதுகில் ஒன்று: 'டீ கொடு. ஜோக்கு வரும். முடியலைன்னா அதே ஜோக்கு வரும்.' இது அங்கே தொங்குவது தெரியாமல் ஒரு வாரம் அதில் சாய்ந்து உட்கார்ந்து ஜோக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார்கள். எனக்கும் ஒரு காலம் வந்துவிட்டது என்று நம்பினேன்.

ஒருநாள் அவர் கணவர் வாசல்வரை வந்து எதையோ கொடுத்துவிட்டுப் போனார். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை பார்க்கும் அமைதியான மனிதர். எப்படிப்பட்டவர் என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரா? காலைல சோத்து டப்பா குடுத்தா சாயங்காலம் காலி டப்பா வரும். வரமுடியலைன்னா போன் வரும். கல்யாணமான நாள்லேர்ந்து ஒருநாளும் மாறல."

"உள்ளுக்குள்ள என்ன நினைக்கிறாருன்னு கேக்கமாட்டீங்களா?"

"கேட்டா அவரும் என்னிய திருப்பிக் கேப்பாரே. இன்னாத்துக்கு வம்பு?"

இந்தக் குணத்துக்காகத்தான் கம்பெனி அவரை ஒப்பந்தத்தில் எடுத்தது என்று சொல்லமுடியாது. கம்பெனிக்கு அவ்வளவு விவரம் போதாது. எங்கள் யார்டு சாஃப்ட்வேர் பழையது, பெரியது. பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்ல ஒரு பகுதி, எடை பார்க்க ஒரு பகுதி, வெளியே விடலாமா என்று சொல்ல ஒரு பகுதி. இவையெல்லாம் எங்கள் ஆட்கள் தட்டினால் மட்டும் பேசும். இப்போது ஒரு கப்பல் கம்பெனி, 'எங்கள் கம்ப்யூட்டரே உங்கள் கம்ப்யூட்டரை நேராகக் கேட்கட்டும், நடுவில் ஆள் வேண்டாம்' என்றது. அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் தெருப்பக்கம் ஒரு கதவு வைக்கவேண்டும். கதவுக்கு ஒரு விலாசம். இதை வெப் சர்வீஸ் என்பார்கள். கதவுக்குப் பக்கத்தில், எதைக் கொடுத்தால் எது கிடைக்கும் என்று ஒரு விவரம் எழுதி வைக்கவேண்டும். எதிர்க் கம்ப்யூட்டர் அந்த விவரத்தைப் படித்துத்தான் நடந்துகொள்ளும். விவரத்தில் இல்லாதது அதன் உலகத்திலேயே இல்லை.

அந்த விவரங்களை எழுதத்தான் அவர் வந்தார்.

எனக்கு உள்ளூரச் சிரிப்பு. புரோகிராமைக் காட்டி ஒரு பட்டனை அமுக்கினால் கருவியே விவரத்தை எழுதித் தள்ளிவிடுமே! முதல்நாளே அமுக்கிக் காட்டினேன். நாலு பக்கம் வந்து விழுந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"அண்ணே, 'ஆர்க் ஜீரோ'ன்னு போட்டுகீதே, யாரு அவன்?"

"அது முதல்ல அனுப்பவேண்டிய விஷயம்க்கா. பேரு தெரியாததால கருவியே ஒண்ணு வெச்சுக்கும்."

"அதாவது பெட்டி நம்பரு?"

"ஆமா."

"அப்ப 'ஆர்க் ஒன்னு'?"

யோசித்தேன். அதை எழுதியவன் நான்தான். எழுதி ஆறு வருடம் ஆகியிருந்தது. "பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"பெத்தவனுக்கே பேரு தெரியல. தெருவுல போறவனுக்கு எப்பிடிணா தெரியும்?" என்று எழுந்து, தலையைவிடப் பெரிய ஹெல்மெட் ஒன்றை மாட்டிக்கொண்டு யார்டுக்கு இறங்கிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் அப்படித்தான். புரோகிராமைப் படிக்கமாட்டார். அந்தப் பகுதியை வைத்துக்கொண்டு பிழைக்கிற ஆளைப் போய்ப் பார்ப்பார். மூன்று கேள்வி கேட்பார். அட்டையில் எழுதுவார். பிறகுதான் கம்ப்யூட்டரில். எங்கள் ஆவணங்களில் எல்லாம் லேசாக இறால் வாடை அடித்தது.

மூன்றாவது கேள்விதான் அவருக்கு முக்கியம். "முடியும்ங்கறத எல்லாரும் ஷோக்கா சொல்லுவான்ணா. முடியலைன்னா எப்பிடிச் சொல்றான்னு பாரு. அங்கதான் ஆளு யாருன்னு தெரியும்." கப்பல் கம்பெனியில் எங்களோடு பேச ஓர் அம்மையார் இருந்தார். அவரையும் இவர் விடவில்லை. "மேடம், நாங்க 'சரி'ன்னு சொன்னா வண்டிக்கு சீட்டு குடுப்பீங்க. 'இல்ல'ன்னு சொன்னா டிரைவரு போனுக்கு ரத்துன்னு அனுப்புவீங்க. ஒண்ணுமே சொல்லலைன்னா?" அந்த அம்மையாருக்கே தெரியவில்லை. இரண்டு நாள் விடாமல் நச்சரித்து, அவர்கள் ஆளைப் பிடித்துப் பதில் வாங்கினார். பதில் வராவிட்டால் அவர்கள் கம்ப்யூட்டர் எதையும் ரத்து செய்யாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கும். அதையும் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டார். வேலையற்ற வேலை என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

பெட்டியை வெளியே விடும் பகுதிக்கு வந்தபோது அவர் மூன்று நாள் யார்டு வாசல் கேட்டிலேயே நின்றார். எங்கள் சாஃப்ட்வேர் அதில் இரண்டே பதில் சொல்லும்: 'சரி', 'இல்லை'. ஆனால் கேட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், எல்லோரும் நைனா என்று கூப்பிடுபவர், திரையில் 'இல்லை' என்று வந்தாலும் எந்த டிரைவரிடமும் இல்லை என்று சொல்வதில்லை. திரையில் பக்கத்துப் பத்தியில் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். "இரு மாமே, ஓரமா போடு. உன் பொட்டி மேல ரெண்டு பொட்டி குந்திகினு கீது. எறக்கினதும் கூப்புடுறேன்" என்பார். பெட்டி தூக்கும் வண்டி வந்து மேலே இருப்பதை நகர்த்தியதும் மறுபடி தட்டுவார். 'சரி' வரும்.

மாடிக்கு வந்து என் மேஜைமேல் அட்டையை வைத்தார். "மிஷினு 'இல்ல'ங்குது. நைனா 'இரு'ங்கிறாரு. இத்தினி வருசமா இந்த யார்டு ஓடறது நைனா வாயால. நாளைக்கு மிஷினும் மிஷினும் பேசிக்கிறப்ப 'இரு'ன்னு யாருணா சொல்லுவா? மூணாவது பதிலு ஒண்ணு வேணும்."

"அக்கா, அதுக்குப் புரோகிராமோட வயித்தைக் கிழிக்கணும். நாலு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை திறப்பு விழா."

"கேட்டாண்ட வந்துட்டு 'இல்ல'ன்னு திரும்பினா இன்னா ஆவும் தெரியுமா? லைன் கடைசிக்குப் போவணும். எண்ணூர் ரோட்ல ஒன்றரை நாளு."

அவர் கேட்டில் நின்ற நாட்களில் சிநேகமான ஒரு டிரெய்லர் டிரைவர் உண்டு. குமாரு, காத்திவாக்கத்துக்காரர். அந்த வாரம் போவோர் வருவோரிடமெல்லாம் ஒரே செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை அவர் தங்கச்சி குழந்தைக்குக் காதுகுத்து. "நான்தான் தாய்மாமன். ஒரே மாமன். என் மடில குந்தவெச்சுத்தான் குத்தணும்" என்று, தனக்கே பதவி கிடைத்த மாதிரி சொல்வார். வெள்ளிக்கிழமை எங்கள் யார்டில் ஒரு பெட்டியை எடுத்து துறைமுகத்தில் இறக்கிவிட்டால் அவர் வீட்டுக்குப் போகலாம்.

புதன்கிழமை மழை கொட்டியது. கொருக்குப்பேட்டையில் அக்கா வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒருநாள் விடுப்பு எடுத்தார். அந்த ஒருநாளில் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். மேனேஜர் கேட்டார் என்று, பட்டனை அமுக்கி வந்த விவரத்தை, இரண்டே பதிலோடு, கப்பல் கம்பெனிக்கு அனுப்பிவைத்தேன். மூன்றாவது பதிலை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை திரும்பிவந்தவரிடம் அதைச் சொல்லவில்லை. ஜோக்கு சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மாடியில் குத்துவிளக்கு, ஜாங்கிரி, கோட்டுப் போட்ட மேனேஜர், கப்பல் கம்பெனியிலிருந்து அந்த அம்மையாரும் இன்னும் இரண்டு பேரும். சுவரில் பெரிய திரை. 'சரி' என்றால் பச்சை விளக்கு, 'இல்லை' என்றால் சிவப்பு. முதல் வண்டி, பச்சை. கைதட்டல். இரண்டாவதும் பச்சை. பிறகு சிவப்பு, சிவப்பு, சிவப்பு. மழையில் யார்டின் தாழ்வான பாதி குளமாகிவிட்டதால் எல்லாப் பெட்டிகளையும் மேட்டுப்பக்கம் நாலு அடுக்காக ஏற்றியிருந்தார்கள் என்பது மாடியில் இருந்த யாருக்கும் நினைவில்லை.

"பாருங்க சார், 'நோ'ன்னு சொல்றதைக்கூட எவ்வளவு வேகமாச் சொல்லுது!" என்றார் மேனேஜர்.

என் போன் அடித்தது. அக்கா, கேட்டிலிருந்து.

"மூணு வண்டி திரும்பிப் போச்சு. இன்னாத்தணா அனுப்பிவெச்ச நீ?"

"அக்கா, மேல பூஜை நடக்குது, அப்புறமா..."

"கீழ கருமாதி நடக்குது. கேளு. அடுத்த வண்டி குமாரு. அவன் பொட்டி மூணு பொட்டிக்கு அடியில கீது. பத்து நிமிசத்துல கேட்டாண்ட வருவான், உன் மிஷினு இல்லன்னு சொல்லும். திரும்பினான்னா ஞாயித்துக்கிழமதான் மறுபடி இங்க மூக்க நீட்டுவான். நாளைக்குக் காதுகுத்து."

"உள்ள மாத்தறது நாலு வாரம்க்கா. நான் என்ன பண்ணட்டும்?"

"உள்ள யாரு கைய வெக்கச் சொன்னா? வாய மூடவை."

"என்னது?"

"கம்முனு இருக்கவை. நாம பதிலே சொல்லலைன்னா அவங்க மிஷினு ரத்து பண்ணாது, மறுபடி மறுபடி கேக்கும். அந்த மேடத்தாண்ட கேட்டு எழுதிவெச்சிகீறேன். தப்பா பேசற வாய்க்கு மூடின வாயி மேலுணா."

எனக்கு அப்போது நாற்பது வயது. இரண்டு வருடமாக ஒரு பதவி உயர்வுக்கு மேனேஜரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையால் விளக்கேற்றித் திறந்துவைத்த ஒன்றை, அவர் இருக்கும்போதே, அவர் ஜாங்கிரியைத் தின்றுகொண்டே மூடவேண்டும். அக்கா கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. "செய்வியா மாட்டியா? மாட்டேன்னா இப்பவே சொல்லு, நான் குமார தெருவுலயே நிறுத்திக்கிறேன்" என்றார். அதுதான் என்னைக் கொன்றது. மாட்டேன் என்பதைக்கூட ஒழுங்காகச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை.

இன்னொரு ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு, வயிறு சரியில்லை என்று சைகை காட்டிவிட்டு, சர்வர் அறைக்குள் போனேன். வெளி உலகத்துக்குப் போகிற நீல கேபிளைப் பிடுங்கினேன்.

கண்ணாடி வழியாகத் தெரிந்தது, திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. "கொஞ்சம் யோசிக்குது" என்றார் மேனேஜர். கீழே குமாருவின் போனில் 'பதில் வரவில்லை, காத்திருக்கவும்' என்று வந்ததாம். நைனா எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம மிஷினுக்கு புத்தி வந்துட்சிபா! இரு மாமே, ஓரமா போடு" என்றாராம். நாற்பது நிமிடம் கழித்துப் பெட்டி இறங்கியதும் அக்கா கூப்பிட்டார்: "இப்ப சொருகு." சொருகினேன். திரையில் பச்சை. கூடத்தில் கைதட்டல். அடுத்த வண்டியின் பெட்டியும் அடியில். "புடுங்கு." பிடுங்கினேன்.

மதியம் முழுக்க அந்த அறையின் தரையில் கேபிளும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பெரிய சாஃப்ட்வேர் ஒன்றின் மூன்றாவது பதில் நான்தான். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சரியாக வேலை செய்தது கிடையாது.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. கப்பல் கம்பெனி அம்மையார். என்னைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார், மடியில் இருந்த ஜாங்கிரியைப் பார்த்தார். ஜோக்கு எதுவும் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். போனை வாங்கி அக்காவோடு பத்து நிமிடம் பேசினார். சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு வெளியே போய், "எங்களுக்கு மூணாவதா ஒரு பதில் வேணும், அது இல்லாம இதை ஓட்டமுடியாது" என்று மேனேஜரிடம், தன் சொந்த யோசனை மாதிரி சொன்னார். மேனேஜரும் தான் அதைத்தான் நினைத்ததாகச் சொன்னார். என் பதவி உயர்வு மட்டும் அந்த வட்டம் மாதிரி இன்னும் கொஞ்ச வருடம் சுற்றியது.

மாலை அக்கா மாடிக்கு வந்தார். எனக்குத் திட்டு விழவில்லை. ஒரு அட்டையில் மூன்று போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். திரும்பிப்போன மூன்று டிரைவர்கள். "நீயே பேசு."

"என்னன்னு?"

"நடந்தத சொல்லு. திட்டுவானுங்க. கேளு."

பேசினேன். கஸ்மாலம், சோமாறி என்று தொடங்கியவர்கள் போகப்போகச் சொன்னதையெல்லாம் எந்தச் சாஃப்ட்வேரின் விவரத்திலும் ஏற்றமுடியாது. மூன்றாமவர் மட்டும் மூச்சு வாங்க நிறுத்தி, "இன்னும் லைன்ல கீறியா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். "செரி, வை" என்றார்.

நாலு வாரம் என்று நான் சொன்ன வேலை ஒன்பது நாளில் முடிந்தது.

ஒப்பந்தம் முடிந்ததும் அக்கா வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். எப்போதாவது போன் செய்வேன். "இப்ப ஆவாது, நாலரைக்குக் கூப்புடு" என்பார். நாலரைக்குக் கூப்பிட்டால் முதல் மணியில் எடுப்பார். எனக்குத் தெரிந்த மற்ற எல்லோரும் 'நானே கூப்பிடுறேன்' என்கிறவர்கள்தான், என்னையும் சேர்த்து.

ஆனால் அவரை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது அந்தச் சனிக்கிழமைக் காலைதான். குமாரு எங்கள் இருவரையும் கட்டாயம் வரச்சொல்லியிருந்தார். காத்திவாக்கத்தில், வலை காயப்போடும் திட்டை ஒட்டிய தெரு. பந்தல் போட்டு, பாட்டு வைத்து, மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தை கையில் லட்டோடு தயார். ஆசாரி ஊசியோடு தயார். ஏழரைக்குள் குத்தவேண்டும். ஏழு தாண்டிவிட்டது, தாய்மாமனைக் காணோம். யாரோ ஒரு பெரியவர், "சித்தப்பன் மடில குந்தவெச்சு குத்திட்டா இன்னா? நேரம் போவுது" என்றார்.

"எங்க அண்ணன் வரும்" என்றாள் குமாருவின் தங்கச்சி. முகம் மட்டும் அழுகைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

அப்போது தெருமுனையில் ஹாரன். நாற்பதடி டிரெய்லர், பெட்டி இல்லாமல் வெறும் இரும்புத் தளத்தோடு, தெருவுக்குள் நுழைந்தது. துறைமுகத்தில் பெட்டியை இறக்கிவிட்டு வெளியே வருவதற்கே விடிந்துவிட்டதாம். வண்டியை ஷெட்டில் விடப்போனால் நேரம் தவறும் என்று வண்டியோடே வந்துவிட்டார். பந்தலுக்கு முப்பதடி முன்னால் டிரெய்லர் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. தெருவே திட்டியது. ஒரு வீட்டின் கூரை ஓடு இரண்டு உடைந்தது. கதவைத் திறந்து குமாரு இறங்கக்கூட இடமில்லை. ஜன்னல் வழியாக வெளியே வந்து, பின்பக்கமாக ஏறி வெறும் தளத்தில் நின்று, இரண்டு கையையும் நீட்டினார்.

தங்கச்சி யோசிக்கவே இல்லை. குழந்தையைத் தூக்கி மேலே கொடுத்துவிட்டுத் தானும் ஏறினாள். பின்னாலேயே ஆசாரி. பின்னாலேயே தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகள், ஒவ்வொன்றாக மேலே ஏறி, அந்த நாற்பதடி இரும்பில் வரிசையாக உட்கார்ந்தன. இவ்வளவு நீளமான சீர்வரிசையை அந்தத் தெரு பார்த்ததில்லை. பிறகு சொந்தக்காரர்கள். பிறகு அட்டை அக்கா, ஒரே தாவில். பிறகு நான், கீழிருந்து மூன்று பேர் தள்ள.

கிரீஸ் கறைபட்ட பேன்ட்டின்மேல் துண்டை விரித்து, சம்மணமிட்டு, குமாரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஏழு இருபத்தைந்து. ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது. அதைவிடப் பெரிதாகத் தாய்மாமன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"டேய் அண்ணா, ஒனக்காடா குத்தினாங்க?" என்று தங்கச்சி சிரித்துக்கொண்டே அழுதாள்.

டிரெய்லர் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த அட்டை அக்கா திரும்பிப் பார்த்தார்.

"அழுகைய மொத்தமா காலி பண்ணிடாத குமாரு. இன்னொரு காது கீது."